ஃபேன்ல இல்லாத பேரு

ரொம்ப நேரமா உதடு மட்டும் அசையுது, சத்தத்தக் காணல. பரிச்சையாம்மா? நர்சிங்கா? எலும்பு பேரா! மொத்தம் எத்தனை? இருநூத்தி ஆறா? ஏ அப்பா. படி, படி. நான் தொந்தரவு பண்ணமாட்டேன். அந்த பஸ் ஷட்டர மட்டும் கொஞ்சம் ஏத்திவிடு, புழுங்குது.

மனப்பாடம் பண்ணுதது நல்லதுதான். ஆனா எதுக்குப் பின்னால எதைச் சேத்துப் படிக்கோம்னு பாத்துக்கிடணும். தோள்பட்டை எலும்பு பேரச் சொன்ன கையோட, பக்கத்து வீட்டுக்காரியத் திட்டிட்டுத் திட்டிட்டுப் படிச்சேன்னு வையி, பரிச்சையில அதுவும் சேந்து வந்துரும். சிரிக்காத. எங்க வீட்ல வந்துச்சு. வீட்லகூட இல்ல, கோயில்ல. முந்நூறு பேருக்கு முன்னால.

நீ எங்களப் போல வேதக்காரப் பிள்ளையா, கிறிஸ்தவமா? இல்லையா. சரி, அதனால என்ன. வெளங்குத மாதிரியே சொல்லுதேன். பாளையங்கோட்டை போக இன்னும் முக்காமணி நேரம் இருக்கு.

என் பேரு கிருபைமணி. நேசபுரம். எங்க வீட்டு அவுக தேவஇரக்கம் சார், மிஷன் பள்ளிக்கூடத்துல ஹெட்மாஸ்டரா இருந்து ரிட்டையர் ஆனவுக. எங்க ஊர்ல அம்பது வயசுக்குக் கீழ இருக்க எவன் காதப் பாத்தாலும் அது அவுக திருகுன காதுதான். அவுக கூடப்பிறந்தது ஒரே ஒரு தம்பி, வேதமாணிக்கம். அவன் பொண்டாட்டி லீதியாள். ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரே சுவருதான். அந்தப் பக்கம் கடுகு வெடிச்சா இந்தப் பக்கம் எனக்குக் கேக்கும்.

முதல்லயே ஒண்ணு சொல்லிருதேன். நான் எதையும் மனசுல வச்சுக்கிடுத ஆளு இல்ல. யாரும் என்ன சொன்னாலும் அன்னைக்கே மறந்துருவேன். இது நடந்தது தொண்ணூத்தொம்பது மே மாசம் பதினாறாம் தேதி, ஞாயித்துக்கிழமை, காலையில எட்டேகால் இருக்கும். லீதியாள் அன்னைக்கி ஊதாக்கலர்ல வெள்ளைப் புள்ளி போட்ட சேலை.

எங்க மாமியா மாசிலாமணி அம்மா அந்த வருசம்தான் மரிச்சுப்போனாவ. அவுக நினைவா கோயிலுக்கு ஒரு சீலிங் ஃபேன் வாங்கிக் குடுப்போம்னு ரெண்டு வீடும் சேந்து முடிவு பண்ணுனோம். எங்க கோயில்ல அப்பிடித்தான். ஃபேன்ல ஒருத்தர் பேரு, பெஞ்சில ஒருத்தர் பேரு, கடியாரத்துல ஒருத்தர் பேரு. பிரசங்கம் நீண்டு போச்சுன்னா எல்லாப் பேரையும் வாசிச்சு முடிச்சிரலாம். அந்த ஞாயித்துக்கிழமை ஃபேன் மாட்டியாச்சு. நான் நிமிந்து பாக்கேன். மூணு இறக்கை. முதல் இறக்கையில 'மாசிலாமணி அம்மாள்'. ரெண்டாவதுல 'நினைவாக'. மூணாவதுல 'வேதமாணிக்கம் குடும்பத்தார்'.

அவ்வளவுதான்.

மூத்தவன் பேரு இல்ல. மூத்த மருமக பேரு இல்ல. ஒம்பது வருசம் அந்தக் கிழவிக்குக் கஞ்சி ஊத்துனது நான். லீதியாள் தினமும் வந்து குளிப்பாட்டி, தலை சீவி, துணி மாத்திட்டுப் போவா. அது வேற. கஞ்சி நான்.

அன்னையோட பேச்சு நின்னுச்சு. இருபத்தி நாலு வருசம். அதுல இன்னொரு கொடுமை கேளு, அந்த ஃபேன் நான் உக்காருத இடத்துக்கு நேர் மேல. ஓடுதப்ப ஒண்ணும் தெரியாது. கரண்ட் போனா பையப் பைய நிக்கும். மாசிலாமணி அம்மாள், நினைவாக, வேதமாணிக்கம் குடும்பத்தார். மாசிலாமணி அம்மாள், நினைவாக, வேதமாணிக்கம் குடும்பத்தார். ஒவ்வொரு பேரா என் தலைக்கு மேல வந்து நின்னுட்டுப் போகும். எங்க ஊர்ல கரண்ட் எத்தனை தடவை போகும்னு நினைக்க?

திருவிருந்துன்னு ஒண்ணு உண்டு எங்களுக்கு. மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை. இயேசுசாமி மரிக்கதுக்கு முந்தி சீஷர்களோட கடைசியாச் சாப்பிட்டாருல்லா, அதை நினைச்சு அப்பமும் திராட்சை ரசமும் குடுப்பாவ. பீடத்துக்கு முன்னால ஒரு மரக் கிராதி இருக்கும். அங்க வரிசையா முழங்கால் போட்டு வாங்கணும். வாங்குததுக்கு முந்தி, யார் மேலயாவது பகை இருக்கான்னு நம்மள நாமே சோதிச்சுப் பாக்கணும். நான் சோதிச்சுப் பாப்பேன். எனக்கு யார் மேலயும் பகை இல்ல. லீதியாகூடப் பேசுதது இல்ல, அவ்வளவுதான். பேசாம இருக்கது பகையா? எங்க வீட்டு மாட்டுகூடத்தான் நான் பேசுதது இல்ல. அவ முதல் பந்தியில போனா நான் ரெண்டாவதுல போவேன். நிம்மதியா வாங்கிட்டு வருவேன்.

இப்பிடிப் போய்க்கிட்டிருந்த காலத்துலதான் எங்க வீட்டு அவுகளுக்கு மறதி வந்துச்சு.

முதல்ல ஒரு திங்கக்கிழமை. காலையில எட்டு மணிக்குக் குளிச்சு, வெள்ளை வேட்டி கட்டி, குடைய எடுத்துட்டுக் கிளம்பிட்டாவ. கடைக்குப் போறாவன்னு நினைச்சேன். பள்ளிக்கூடத்துக்குப் போயி, மணியடிக்கச் சொல்லி, பிள்ளைகள வரிசையில நிறுத்தி, ஜெபம் பண்ணி, நகம் வெட்டாதவன் ரெண்டு பேர வெளிய நிறுத்தியிருக்காவ. ரிட்டையர் ஆயி பதினாறு வருசம். இப்ப இருக்க ஹெட்மாஸ்டரும் அவுககிட்டப் படிச்சவந்தான். அவன் பாவம், தன் நகத்தப் பின்னால மறைச்சுக்கிட்டு நின்னானாம்.

பாளையங்கோட்டையில டாக்டரப் பாத்தோம். அவர் சொன்னாரு, "அம்மா, இது கடைசியாச் சேந்த நினைவுல இருந்து அழிஞ்சிட்டே போகும். பழசு நிக்கும்"ன்னு. எந்த வருசம் வரைக்கும் நிக்குதுன்னு அவருக்கும் தெரியல. எனக்கு ஒரு வாரத்துல தெரிஞ்சுபோச்சு.

ஒருநாள் காலையில ஆளக் காணல. கிணத்தடி, பள்ளிக்கூடம், கோயில், எல்லாம் தேடிட்டு வாரேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவுக சத்தம் கேக்குது. "லீதியா, இன்னும் ஒரு ஆப்பம் வையி." எனக்கு உயிரே போச்சு. இருபத்தி நாலு வருசமா அந்த வீட்டுப் பச்சத்தண்ணி குடிக்காத மனுசன்! சண்டை அவுக தலையில இருந்து போயிட்டு. தொண்ணூத்தொம்பது மே பதினாறுக்குப் பொறவு எதுவும் இல்ல. அவுகளப் பொறுத்தவரை தம்பி தம்பிதான், ஆப்பம் ஆப்பம்தான்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "அத்தான், அங்க என்னத்துக்குப் போனீய?"

"எங்க?"

"உங்க தம்பி வீட்டுக்கு."

"ஏன், போகக்கூடாதா?"

"அவன் நமக்கு என்ன செஞ்சான்னு மறந்துபோச்சா?"

முகம் கலங்கிட்டு. "வேதமாணிக்கத்துக்கு ஏதும் உடம்பு சரியில்லையா கிருபை?"ன்னு கேக்காவ.

மறுநாளும் போனாவ. அதுக்கு மறுநாளும் போனாவ. ஒரு அட்டையில பெரிசா எழுதி வாசல்ல தொங்கவிட்டேன். 'வேதமாணிக்கம் வீட்டுக்கு போகக்கூடாது.' கண்ணாடியப் போட்டு நின்னு வாசிச்சாவ. அப்பாடான்னு நான் அடுக்களைக்குப் போயிட்டேன். திரும்பி வாரேன், அட்டையையும் காணல, ஆளையும் காணல. உள்ள போயி சிவப்புப் பேனா எடுத்து, 'வீட்டுக்கு'வுக்குப் பின்னால 'ப்' போட்டுத் திருத்தி, பத்துக்கு ஏழு மார்க்கும் போட்டு, அட்டையக் கையில எடுத்துட்டுத் தம்பி வீட்டுக்கே போயிட்டாவ. "பாருடே, எவனோ ஒற்றெழுத்த விட்டு எழுதியிருக்கான்"னு காட்டுததுக்கு.

அன்னைக்கிச் சாயங்காலம் வேதமாணிக்கம் சுவர் பக்கத்துல வந்து நின்னான். "மைனி"ன்னான். இருபத்தி நாலு வருசத்துல முதல் தடவை. "அண்ணன் வந்தா நான் என்ன செய்ய மைனி? வாசல்ல வச்சுத் திருப்பி அனுப்பவா?"

நான் அவங்கிட்டப் பேசமாட்டேம்லா. அதனால மாட்டப் பாத்துச் சொன்னேன், "வந்தா அனுப்பிவிட வேண்டியதுதானே"ன்னு.

அவனும் மாட்டப் பாத்தே சொல்லுதான், "என்னால முடியாது. எங்க அண்ணன் என்னைத் தேடி வாராவ"ன்னு. மாடு பாவம், ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாக்குது.

நேரே ஐயர்கிட்டப் போனேன். எங்க குருவானவர நாங்க ஐயருன்னுதான் சொல்லுவோம். சின்ன வயசு, இப்பத்தான் வந்திருக்காரு. எல்லாத்தையும் கேட்டுட்டு, "அம்மா, ஆண்டவரே நம்ம பாவத்த மன்னிச்சு, அதுக்கப்புறம் நினைக்கதே இல்லைன்னுதானே வேதம் சொல்லுது. சாருக்கு அந்தக் கிருபை தானா வந்திருக்கு, விட்டுருங்களேன்"ன்னாரு.

நான் விடுவேனா? "ஐயரே, ஆண்டவருக்கு ஆயிரம் சோலி. மறந்துருவாரு. எனக்கு என்ன சோலி இருக்கு? அதுவும்போக, உங்க திருவிருந்து மேசையில முன்பக்கம் என்ன செதுக்கி வச்சிருக்கு? நினைவுகூரச் சொல்லித்தானே? மறக்கச் சொல்லியா செதுக்கியிருக்கு?"ன்னு கேட்டேன்.

"நினைவுகூரச் சொன்னது ஃபேன இல்லம்மா"ன்னாரு.

படிச்சவங்ககிட்ட இதுதான். கேட்டதுக்குப் பதில் வராது.

சரி, நாமளே பாத்துக்கிடுவோம்னு முடிவு பண்ணுனேன். நாப்பது வருசம் வாத்தியார் பொண்டாட்டியா இருந்திருக்கேன். மனப்பாடம் பண்ண வைக்க எனக்குத் தெரியாதா? காலையில எங்க வீட்ல குடும்ப ஜெபம் உண்டு. ஒரு பாட்டு, ஒரு வேத வாசிப்பு, அப்பறம் விசுவாசப் பிரமாணம். அது என்னன்னா, நாங்க எதை எதை நம்புதோம்னு வரிசையாச் சொல்லுதது. சின்னப் பிள்ளையில படிக்கது. நேத்து என்ன சாப்பிட்டாவன்னு அவுகளுக்குத் தெரியாது. ஆனா அதை ஆரம்பிச்சா ஒரு எழுத்து பிசகாது. கண்ண மூடிட்டு கணீர்னு சொல்லுவாவ.

நான் யோசிச்சேன். இது மட்டும் நிக்குதுல்லா, சண்டையையும் இது வாலுல கட்டிவிட்டுருவோம்.

அன்னையிலருந்து விசுவாசப் பிரமாணம் முடிஞ்ச கையோட, மூச்சு விடுததுக்குள்ள நான் கேள்வி கேப்பேன்.

"உங்க தம்பி யாரு?"

"வேதமாணிக்கம்."

"அவன் கோயிலுக்கு என்ன குடுத்தான்?"

"ஃபேன்."

"யாரு பேரு போடல?"

"கிருபைமணி பேரு போடல."

"மாமியாருக்குக் கஞ்சி ஊத்துனது யாரு?"

"கிருபைமணி."

"அப்ப அவன் வீட்டுக்குப் போகலாமா?"

"போகக்கூடாது."

"ஆமென்."

"ஆமென்."

முதல் பத்து நாளு ஒண்ணும் ஏறல. ஆமென் சொல்லிட்டு எந்திரிச்சு நேரா அங்கதான் போவாவ. நான் விடல. ஒருமாசத்துல பதில் டக்கு டக்குன்னு வந்துச்சு. போறது மட்டும் நிக்கல, அது வேற. ஆனா பதில் சுத்தமா வந்துச்சு. எனக்குச் சந்தோசம் தாங்கல. கோயம்புத்தூர்ல இருக்க எங்க மக ஷீபாவுக்குப் போன் பண்ணி, "அப்பாவுக்கு ஞாபகசக்தி திரும்புதுட்டி"ன்னு சொன்னேன். அவ அந்தப் பக்கம் அழுதா. என்ன ஞாபகம்னு நான் சொல்லல.

அந்த மாசத் திருவிருந்து ஞாயித்துக்கிழமை வந்துச்சு. கோயில் நிறைஞ்ச கூட்டம். நான் என் இடத்துல உக்காந்திருக்கேன். ஆம்பளைகள் பக்கம் ஓரத்துல, நடைபாதைக்கு அந்தப் பக்கம் அவுக. எனக்கு நேர். வேதமாணிக்கம் ரெண்டு பெஞ்சு முன்னால. லீதியா எனக்கு மூணு பெஞ்சு முன்னால. பிரசங்கம் முடிஞ்சுது. எல்லாரும் எந்திரிச்சு நின்னு விசுவாசப் பிரமாணம் சொன்னோம். அவுக சத்தம்தான் எல்லாருக்கும் மேல. எனக்குப் பெருமையாக்கூட இருந்துச்சு.

முடிஞ்சுது. எல்லாரும் உக்காந்தாச்சு. அவுக உக்காரல.

என்னைத் திரும்பிப் பாக்காவ. "கேளு"ங்காவ.

கையக் காட்டி உக்காருங்கன்னேன்.

"கேளு கிருபை."

தலையக் குனிஞ்சுக்கிட்டேன். ஐயர் புஸ்தகத்தக் கையில வச்சுட்டு நிக்காரு.

"கேக்கலயா? சரி, நானே கேக்கேன்"னாவ. வேட்டியச் சரி பண்ணிட்டு, அந்தப் பழைய ஹெட்மாஸ்டர் குரல்ல ஆரம்பிச்சாவ. "உங்க தம்பி யாரு? வேதமாணிக்கம்! அவன் கோயிலுக்கு என்ன குடுத்தான்? ஃபேன்! யாரு பேரு போடல? கிருபைமணி பேரு போடல!"

முந்நூறு பேரும் நிமிந்து ஃபேனப் பாத்தாவ.

"மாமியாருக்குக் கஞ்சி ஊத்துனது யாரு? கிருபைமணி!"

எனக்கு அந்தத் தரை பிளந்து உள்ள போயிரமாட்டோமான்னு இருந்துச்சு. இத்தோட முடிஞ்சிருந்தாலும் பரவாயில்ல. அடுத்தது 'போகலாமா, போகக்கூடாது, ஆமென்'. அதச் சொல்லிட்டு உக்காந்திருக்கலாம்லா? வாத்தியார் புத்தி. பதில் சரியா வந்துட்டுன்னா அடுத்து அவுக எப்பவும் கேக்கது, 'ஏன்?'

"ஏன் போடல?"ன்னு கேட்டாவ.

கேட்டுட்டு அப்பிடியே நின்னாவ. இதுக்கு நான் பதில் சொல்லிக் குடுக்கலையே. நெத்தியச் சுருக்கி யோசிக்காவ. நான் ஆண்டவரே, மறந்துரட்டும், மறந்துரட்டும்னு ஜெபம் பண்ணுதேன். சத்தியமாச் சொல்லுதேன்மா, அவுக நோய் வந்த நாள்ல இருந்து முதல் தடவையா, அவுகளுக்கு மறந்துபோகணும்னு ஜெபம் பண்ணுனேன்.

முகம் தெளிஞ்சுது. "அவதான் வேண்டாம்னா"ன்னாவ.

பெயின்டர் வீட்டுக்கு வந்து, என்ன பேரு எழுதன்னு கேட்டப்ப அவுக என் பக்கத்துலதான் நின்னாவ. அது மே பதினாறுக்கு ரெண்டு நாள் முந்தி. சண்டை அழிஞ்சுபோச்சு, இது அழியல. அதையும் ஒண்ணு விடாம சொல்லுதாவ. "பெயின்டர் மூணு தடவை கேட்டான். தம்பியும் கேட்டான். 'எங்க பேரு பரலோகத்துல எழுதியிருந்தாப் போதும், ஃபேன்ல எல்லாம் வேண்டாம்'னு கிருபைதான் சொன்னா. நல்ல மனசு அவளுக்கு. ஆமென்."

முன்வரிசையில ஞாயிறு பள்ளிப் பிள்ளைக எல்லாம் சேந்து, "ஆமென்!"

ஏன் வாயப் பொத்திட்டுச் சிரிக்க? ஆமா, சொன்னேன். இல்லைங்கலையே. பரலோகத்துல இருந்தாப் போதும்னு சொன்னேன். நல்ல குடும்பத்துல பிறந்தவ, வேற எப்பிடிச் சொல்லுவா? 'என் பேரப் பெரிசா எழுது, சிவப்பு பெயின்ட்ல எழுது'ன்னா சொல்லுவா? மூணு தடவை கேட்டான்னா நாலாவது தடவை கேக்கணும். வேண்டாம்னு ஒருத்தி சொன்னா அப்பிடியே விட்டுட்டுப் போயிருததா? சாப்பிட வாங்கன்னு கூப்பிட்டா இப்பத்தான் சாப்பிட்டேன்னு சொல்லுதோம். அதுக்காக இலைய எடுத்துருவாவளா? நீயே சொல்லு.

அதுக்கும் சிரிக்கியா? சரி.

ஐயர் புஸ்தகத்த முகத்துக்கு நேரா வச்சுக்கிட்டாரு. தோள் மட்டும் குலுங்குது. பொறவு ஒரு பாட்டு நம்பரச் சொன்னாரு. அந்தப் பாட்ட யாரும் ஒழுங்காப் பாடல. ஆர்மோனியம் வாசிக்கவனுக்கே கை நிக்கல.

திருவிருந்து ஆரம்பிச்சுது. முதல் பந்தி போச்சு. ரெண்டாவது பந்தி போச்சு. நான் எந்திரிக்கல. எந்த முகத்த வச்சுக்கிட்டுப் போக? பகை இருக்கான்னு சோதிச்சுப் பாக்கச் சொன்னாவல்லா. அன்னைக்கிச் சோதிக்கதுக்கு ஒண்ணும் மிச்சமில்ல, முந்நூறு பேரும் சேந்து சோதிச்சு முடிச்சிட்டாவ. இந்தத் தடவை வேண்டாம், போயிருவோம்னு செருப்பக் காலால தேடுதேன்.

பக்கத்துல வந்து நிக்காவ. கைய நீட்டுதாவ. "வா கிருபை."

"நீங்க போங்க அத்தான். நான் வரல."

"நீ வராம நான் எப்பப் போயிருக்கேன்?"

அது நெசம். கல்யாணமான நாள்ல இருந்து நாங்க ரெண்டு பேரும் சேந்துதான் போவோம். நீட்டுன கைய எடுக்கல. அங்கேயே நடைபாதையில நிக்காவ, பின்னால வரிசை நிக்குது. எந்திரிச்சேன். போறோம். கிராதியில எங்க இடம் இருக்குன்னு பாக்கேன். நடுவுல ரெண்டே இடம். அந்தப் பக்கம் வேதமாணிக்கம், இந்தப் பக்கம் லீதியா. அவுகளும் கூச்சத்துல முதல் ரெண்டு பந்திக்கும் போகாம இருந்திருக்காவ. இவுக நேரா தம்பி பக்கத்துல போயி முட்டுப் போட்டுட்டாவ. மிச்சம் இருக்கது லீதியா பக்கத்து இடம்.

லீதியா என்னைப் பாக்கல. சேலைய ஒதுக்கிட்டு ஒரு சாண் நகந்து இடம் விட்டா.

முழங்கால் போட்டேன். அப்பத்தைக் கையில வாங்குனேன். என்ன நினைச்சேன்னு கேக்காத. ஒண்ணும் நினைக்க வரல. பக்கத்துல அவ மூச்சு விடுதது கேக்குது. எங்க மாமியாருக்குத் தலை சீவி விடுதப்பவும் அவ இப்பிடித்தான், மூக்கால புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு விடுவா. பின்னி முடிச்சிட்டு அந்தக் கிழவிக்கு ஒரு பிச்சிப்பூ வச்சுவிடுவா. அது எனக்கு எப்பிடி இத்தனை நாளு...

சரி விடு. முடிஞ்சுது, எல்லாரும் எந்திரிச்சாச்சு. எனக்கு எந்திரிக்க முடியல. முட்டு ரெண்டும் தேஞ்சுபோச்சும்மா. கிராதியப் பிடிச்சு இழுக்கேன், நடக்கல. பக்கத்துல பாத்தா அவளும் அதே கதைதான். அவளுக்கும் முட்டு. அவ என் தோளப் பிடிச்சா, நான் அவ கையப் பிடிச்சேன். ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் தூக்கி நிறுத்தி, ஒருவழியா எந்திரிச்சோம். ஐயர் கிண்ணத்தக் கையில வச்சுட்டு நாங்க எந்திரிக்கது வரை பாத்துட்டு நிக்காரு.

ஆராதனை முடிஞ்சு வெளிய வந்தா வாசல்ல நிக்கா. எனக்காகத்தான் நிக்கா. நானும் நின்னேன். யாரு முதல்ல பேச? அவதான் பேசுனா.

"அக்கா, அத்தானுக்குக் காப்பி குடுக்கேன். குடுக்கலாமா? சுகர் உண்டுன்னு சொன்னாவ."

"சீனி போட்டா குடுக்க?"

"சீனி போடல அக்கா. கருப்பட்டிதான்."

"கருப்பட்டி என்ன கசாயமாட்டி? சுகர் முந்நூறு இருக்கு அந்த மனுசனுக்கு! நான் இங்க மாத்திரை குடுத்துக் குடுத்து ஏன் இறங்க மாட்டேங்குதுன்னு டாக்டர்கிட்டச் சண்டை போட்டுட்டு இருக்கேன், நீ அங்க கருப்பட்டிக் காப்பி குடுக்கியோ?"

நல்லாத் திட்டுனேன். இருபத்தி நாலு வருசம் சேத்து வச்சது. சுகரப் பத்தி மட்டும்தான் திட்டுனேன், ஃபேனப் பத்தி ஒரு வார்த்தை பேசல. அவளும் தலைய ஆட்டி ஆட்டிக் கேட்டா. பொறவு முட்டுவலிக்கு எந்த எண்ணெய் போடுதன்னு கேட்டா. சொன்னேன். அவ மகன் கல்யாணப் பேச்ச எடுத்தா. நான் அதுக்குப் போகல. ஆனா பொண்ணுக்கு அரக்குப் பட்டுன்னு எனக்குத் தெரியும், துணி காயப்போட மாடிக்குப் போனப்ப பாத்தேன். அன்னைக்கி மட்டும் ஒம்பது தடவை துணி காயப்போட்டேன். அப்பிடியே பேசிட்டு நிக்கோம், பாத்தா கோயில்ல யாரையும் காணல. அண்ணனும் தம்பியும் எங்கள விட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டாவ.

நடந்து வாரோம். வழியில சொல்லுதா, "அத்தான் வீட்டுக்கு வந்ததும் முதல்ல அட்டெண்டன்ஸ் எடுப்பாவ அக்கா. எங்க வீட்டு ஆளு எந்திரிச்சு நின்னு 'உள்ளேன் ஐயா' சொல்லணும். ஒருநாள் உக்காந்துட்டே சொல்லிட்டாவ. அத்தான் விடலையே. வாசப்படிக்கு வெளிய அரைமணி நேரம் நிறுத்திட்டாவ. மீன்காரி வந்து, 'என்ன அண்ணாச்சி, லீதியாக்கா வெளிய தள்ளிட்டாவளா'ன்னு கேக்கா."

வேதமாணிக்கத்துக்கு வயசு அறுபத்தெட்டு. வழுக்கைத் தலை. எனக்கு அத நினைச்சதும் வந்துச்சே ஒரு சிரிப்பு. ரோட்டுல நின்னுட்டேன். அவளும் சிரிக்கா. முட்டுவலியோட சிரிக்க முடியாது பாத்துக்கோ, ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பிடிச்சுட்டு, கண்ணுல தண்ணியோட, அப்பிடியே தள்ளாடித் தள்ளாடி வாரோம்.

வேதமாணிக்கம் வீட்டு வாசல்ல ரெண்டு நாற்காலி போட்டு அண்ணனும் தம்பியும் உக்காந்திருக்காவ. பசி. எங்க அவுக கண்ணுக்கு மேல கைய வச்சு ரோட்டப் பாக்காவ. நாங்க பக்கத்துல வந்துட்டோம், பேசுதது கேக்குது.

"யாருடே அது, ரெண்டு பொம்பளைக சிரிச்சுட்டு வாராவ?"

என்னைத் தெரியல. என் முகத்த நேரே பாத்துட்டுத்தான் கேக்காவ. அதுவரைக்கும் என்னைத் தெரியாம போனது இல்ல. எல்லாம் போனாலும் கிருபைங்கது மட்டும் இருந்துச்சு. டாக்டர் சொன்னாரு, இப்பிடி ஒருநாள் வரும்னு. எனக்குச் சிரிப்பு அப்பிடியே நின்னுபோச்சு. வாசல்லயே நின்னுட்டேன்.

வேதமாணிக்கம் என்னைப் பாத்தான். மாட்டப் பாக்கல, என்னையத்தான் பாத்தான்.

"அண்ணன் மேல தப்பில்ல மைனி"ன்னான். "எனக்கே அடையாளம் தெரியல."

எவ்வளவு வாய் பாத்தியா அவனுக்கு? அவனத் தாண்டி உள்ள போயி, நேரா அடுக்களைக்குப் போயி, கதவுக்குப் பின்னால இருக்க மர அலமாரியில கைய விட்டு நாலு தட்டு எடுத்தேன். லீதியா இன்னும் அங்கதான் வச்சிருக்கா.